தம்பி ஏறினால் மட்டும் ஓடிய மோட்டார் சைக்கிள்

சாவியைத் திருப்பியதும் தாங்கிக்குள்ளிருந்து இரண்டு மூன்று செக்கன் 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் வரும். எஃப்ஐ வண்டி, அதாவது பெற்றோலைப் பம்ப் அழுத்தி என்ஜினுக்குத் தெளிக்கிற வண்டி, வைத்திருப்பவர்களுக்குப் பழகிய சத்தம்; பெற்றோல் பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. போன மாதம் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின் நடுவில் வண்டி இருமி நின்றபோது அந்தச் சத்தத்தைக் காணவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றியது, ஹோர்ன் அடித்தது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. சோளகக் காற்று அள்ளி வீசிய உப்புத் தண்ணீர் முகத்தில் படப் பத்து நிமிடம் தள்ளினேன். பிறகு சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அந்த வாரமே இன்னும் நாலு தடவை நின்றது. வேலணையில் வேலை, கொக்குவிலில் வீடு. இரண்டுக்கும் நடுவில் கடல். ஆனால் தம்பி பின்னால் இருந்த நாள்களில் ஒருமுறையும் நிற்கவில்லை. "அண்ணா, உங்கடை வண்டி எனக்குத்தான் மரியாதை குடுக்குது" என்று அவன் நக்கலடித்தான். விடை அதிலேயே இருந்தது. நான்தான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

கராச்சில் காட்டினேன். "பம்ப் போச்சு தம்பி, செட்டோடை மாத்தினால்தான் சரி" என்றார் அந்த அண்ணை. விலை என் சம்பளத்தில் அரைவாசி. எனக்கும் பாதி நம்பிக்கைதான். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரம் 4 லீற்றர் அடித்த காலத்திலிருந்து, தாங்கியின் அடியில் கொஞ்சப் பெற்றோலோடு ஓடுகிற பழக்கம் என்னை விடவில்லை. பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கிற பெற்றோல்தான். நானே சூடேற்றிக் கொன்றுவிட்டேனோ என்ற குற்ற உணர்ச்சி வேறு.

முதல் ஞாயிறு. வண்டி ஓடாமல் அடம்பிடித்த நேரம் பார்த்துச் சீற்றைக் கழற்றினேன். பியூஸ் சரி. பம்புக்கு மின்னைத் திறந்துவிடுகிற சுவிட்சான றிலே 'டிக்' என்றது. அதைக் கேட்டு நிம்மதியடையக் கூடாது. டிக் என்றால் றிலேயில் 85, 86 என்று இலக்கமிட்ட கால்களுக்கு நடுவிலுள்ள சுருள் வேலை செய்கிறது, அவ்வளவுதான். மின்னைக் கடத்துவது 30, 87. அந்த முனைகள் உள்ளே கருகியிருந்தாலும் டிக் கேட்கும். றிலேயைப் பிடுங்கிவிட்டு 30 ஐயும் 87 ஐயும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். பம்ப் அப்போதும் ஊமை. சரி, றிலே தப்பித்தது.

பம்புக்குப் போகிற கனெக்டரைக் கழற்றி மீற்றரை வைத்தால் 12.4 வோல்ற். மின் வருகிறது, பம்ப் ஓடவில்லை, அப்படியென்றால் பம்ப்தான். அண்ணை சொன்ன முடிவுக்கே நானும் வந்து, காசைக்கூட எண்ணி வைத்துவிட்டேன்.

இரவு படுத்திருந்தபோது தம்பியின் நக்கல் ஞாபகம் வந்தது. ஆள் ஏறி இருந்தால் பம்ப் எப்படித் திருந்தும்?

இரண்டாவது ஞாயிறு. பம்புக்குப் பற்றரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பார்க்கலாம்தான். ஆனால் தாங்கிக்குப் பக்கத்தில் பொறி பறக்க விட மனம் வரவில்லை. பழைய பிரேக் பல்ப் ஒன்று, 21 வாற், கிடந்தது. சாவியை நிறுத்திவிட்டு அதை அந்தக் கனெக்டரில் மாட்டி, பிறகு திருப்பினேன். மின்மினி மாதிரி ஒரு சிவப்புக் கம்பி தெரிந்தது. பல்ப் மாட்டியபடியே அளந்தால் 4.1 வோல்ற்!

தோட்டத்துக்கு இறைக்கிற குழாயின் முனையைப் பொத்திப் பிடித்தால் உள்ளே அடைப்பு இருந்தாலும் அழுத்தம் கையில் முட்டும். கையை எடுத்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். மீற்றர் பொத்திப் பிடித்த கை மாதிரி, அது மின்னைக் குடிப்பதே இல்லை. அறுந்த வயரில் ஒரு நூல் மிஞ்சியிருந்தாலும் 12 காட்டிவிடும். பம்ப் அம்பியர் கணக்கில் கேட்கிறது.

பல்ப் எரிய எரிய மற்றதையும் அளந்தேன். பற்றரியின் பிளசிலிருந்து கனெக்டரின் பிளசுக்கு 0.2 வோல்ற் இழப்பு. மைனசிலிருந்து மைனசுக்கு 8.0. பற்றரி 12.3. கூட்டினால் கணக்குச் சரி. களவு எர்த் பக்கத்தில், அதாவது மின் பற்றரியின் மைனசுக்குத் திரும்புகிற பாதையில். முதல் ஞாயிறு அதே எர்த் வயரை மீற்றரின் 'பீப்' முறையில் சோதித்தபோது அது நன்றாகக் கூவியது. நிறைய மீற்றர்கள் 30 ஓம் தடை இருந்தாலும் கூவும். இங்கே இருந்தது 8 ஓம் அளவு.

கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போனேன். பின் சீற்றுக்குக் கீழே, வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ற்றோடு வளையமாக முடிகிறது. வெளியே பார்க்க ஒன்றுமில்லை. மெல்ல இழுத்ததும் வளையம் மட்டும் போல்ற்றில் நின்றது, வயர் கையோடு வந்தது. உள்ளே பச்சைக் களிம்பு பிடித்து, செம்பு நூல்களில் இரண்டுதான் பளபளப்பாக இருந்தன. பின் சீற்றில் ஆள் இருந்தால் சீற்றின் அடிப்பக்கம் அந்த வயரை அழுத்தி முட்ட வைத்திருக்கிறது!

ரவுணில் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் அரை மீற்றரும் செம்பு வளையம் இரண்டும் வாங்கினேன். பற்றரியைக் கழற்றிவிட்டுப் பழைய வயரை வெட்டினால், உறைக்குள் செம்பு கறுத்திருந்தது. இன்னும் வெட்டு, இன்னும் வெட்டு என்று எட்டு சென்ரிமீற்றர் போன பிறகுதான் நிறம் வந்தது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சட்டத்தில் பெயின்றையும் கறளையும் சுரண்டி, புது வயரின் வளையத்தைப் போல்ற்றோடு முறுக்கி, மேலே கிறீஸ் அப்பினேன்.

மறுபடி பல்ப். கண் கூசியது. எர்த் இழப்பு 0.05. கனெக்டரைப் பம்பில் மாட்டிச் சாவியைத் திருப்பினேன்: 'ங்ஙீ'.

மூன்று வாரமாகத் தனியாகத்தான் பண்ணையால் போய் வருகிறேன், நிற்கவில்லை. அதே பல்ப்பை வைத்து முன் லைற்றின் எர்த்தையும் பார்த்தேன்: 0.7 வோல்ற். வரும் ஞாயிறு அதற்கு.