பறவை பார்க்கப் போய் பாலாப்பழம் தின்ற கதை

ஜூன் மாதத்தில் கோடியக்கரைக்குப் போகிறவன் என்னைப் போல ஒரு மடையனாகத்தான் இருப்பான். பூநாரைக் கூட்டம் வருவது குளிர்காலத்தில். எனக்கு லீவு கிடைத்தது ஜூனில். என்ன செய்ய, கிளம்பிவிட்டேன்.

வேதாரண்யம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு ஆயா, கூடையில் மஞ்சளாக எதையோ குவித்து வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்க வேப்பம்பழம் மாதிரி இருந்தது. "பாலாப்பழம் தம்பி, காட்டுப் பழம்" என்று ஒரு டம்ளர் அளந்து காகிதத்தில் கொட்டினார். 20 ரூபாய்.

தோல் மெல்லியது. உள்ளே சப்போட்டாவின் ருசி, ஆனால் இன்னும் அழுத்தமான தித்திப்பு. ஒரே ஒரு விதை, மெருகு போட்டதுபோலப் பளபளக்கும். ஏழெட்டு தின்றதும் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஆயா விழுந்து விழுந்து சிரித்தார். "பால் அப்படித்தான் ஒட்டும். தேங்காயெண்ணெய் தேய்ச்சா விட்டுரும். ஒரு நாள் வச்சிருந்து தின்னா இவ்வளவு ஒட்டாது." இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

அப்புறம் ஆட்டோ பிடித்துக் காட்டுப் பக்கம் போனேன். புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன. என் கண் மட்டும் பாலை மரத்தையே தேடியது. கருஞ்சாம்பல் பட்டை, பாளம் பாளமாக வெடித்திருந்தது. உதிர்ந்து கிடந்த இலையை எடுத்துப் பார்த்தேன். நுனி கூராக இல்லாமல், நடுவில் நகத்தால் கிள்ளியதுபோல் உள்வாங்கியிருந்தது. வெட்பாலை, ஏழிலைப்பாலை என்று பாலைகள் பல உண்டு. கூடையில் வந்து உட்காரும் பழம் தருவது இந்த உலக்கைப்பாலைதான். பெயரிலேயே இருக்கிறது, உலக்கை செய்த மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். சப்போட்டா இதற்குச் சொந்தக்கார மரம். நாம் நர்சரியில் வாங்கும் சப்போட்டா ஒட்டுக்கன்றுக்கு அடியில் வேராக இருப்பதும் பெரும்பாலும் இந்தப் பாலைதான்.

சில மரங்கள் சாய்ந்து கிடந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. மெதுவாக வளரும் மரம் இது, விழுந்தது விழுந்ததுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வன்னிப் பகுதிக் காட்டிலும் இதே மரம் உண்டு. அங்கே பாலைப்பழம் என்பார்கள். அந்த நாட்டின் வில்பத்து தேசியப் பூங்காவில் இந்தப் பழத்துக்காகக் கரடி மரமே ஏறிவிடும். அதன் உதடு ஒட்டுமோ என்னவோ.

திரும்பும்போது ஆயாவிடம் இன்னொரு டம்ளர் வாங்கினேன். பேருந்தில் ஏறியதும், புத்தி வராமல் மறுபடி தின்றேன். "நாகப்பட்டினம் ஒண்ணு" என்று சொல்ல வாயைத் திறந்தால் மேலுதடு வரவில்லை. கண்டக்டர் என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"பாலாப்பழமா?" என்று கையை நீட்டினார், டிக்கெட் காசுக்கு அல்ல.