சுவரில் ஒரு 'அ'

மார்ச் 4, செவ்வாய்

இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கேட்டிருந்த ஸ்பேஷியல் லைட் மாடுலேட்டர், ஒளி அலையை இடத்துக்கு இடம் மாற்றும் கருவி, ஒருவழியாக இன்று மேசைக்கு வந்தது. பார்க்க ஒன்றுமில்லை. தபால்தலை அளவில் பளபளவென்று ஒரு சில்லு, அதில் 1920-க்கு 1080 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 8 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் குறுக்கே எட்டு ஒன்பது நிற்கும். டிவி திரை மாதிரி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை இதற்கு இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே திரவப் படிக மூலக்கூறுகள் சாய்கின்றன, ஒளிவிலகல் எண் மாறுகிறது, அந்த இடத்தில் மட்டும் அலை கொஞ்சம் பிந்துகிறது. எங்கே எவ்வளவு பிந்தவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால், சில்லில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி சுவரில் உருவமாக விழும். நான் 'அ' போடப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

'அ' வரவில்லை. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும், குங்குமம் வைத்த மாதிரி. எங்கே எவ்வளவு பிந்தவேண்டும் என்று கண்டுபிடிக்க, கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் 1972-ல் சொன்ன முறையில்தான் நிரல் எழுதியிருந்தேன், மூன்று மணி நேரம் அதையே குடைந்தேன். லேப் அண்ணன் தே ஓ (பால் இல்லாத தேநீர்) பாக்கெட்டோடு வந்து எட்டிப் பார்த்து, "தம்பி, போலரைசேஷன் பாத்தியா?" என்றார். ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்க்கவில்லை! மூலக்கூறுகள் படுத்திருக்கும் திசையில் அதிரும் ஒளியைத்தான் பிக்சலால் பிந்தவைக்க முடியும், என் லேசரோ அதற்குச் செங்குத்தாக அதிர்ந்துகொண்டிருந்தது. அதிரும் திசையை மாற்றும் ஹாஃப் வேவ் பிளேட்டை 45 டிகிரி திருப்பினேன். வந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

பொட்டு மட்டும் போகமாட்டேன் என்கிறது. பிக்சல்களுக்கு இடையிலுள்ள இடுக்கிலும் மேல்கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி நம் கணக்குக்கு அடங்காது. படத்தோடு ஒரு லென்ஸின் வளைவையும் கூட்டிப் போட்டதில் 'அ' வேறு தூரத்தில் குவிந்தது, பொட்டு கலங்கிப் பரவிவிட்டது. சரி, போதும்.

மார்ச் 10, திங்கள்

மறுபடி மங்கல், பொட்டு தூக்கல். நான் எதையும் தொடவில்லை. வார இறுதியில் ஏர்கான் ஓடவில்லையாம், அறை புழுங்கிக்கிடந்தது. சூடு ஏறினால் மூலக்கூறுகளின் ஒழுங்கு தளரும், அதே மின்னழுத்தத்துக்கு அலை முன்புபோல் பிந்தாது. நம் சிங்கப்பூரில் இந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஏர்கானை அணைப்பவர்களை என்ன சொல்ல.

மார்ச் 11, செவ்வாய்

மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஒரு வெப்பமானி வாங்கி மேசையில் ஒட்டி, எந்த மின்னழுத்தத்துக்கு அலை எவ்வளவு பிந்துகிறது என்ற முழு அளவீட்டையும் திரும்பச் செய்தேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "அத்தனை வருஷம் தமிழ் டியூஷன் அனுப்பினேன், 'அ'வைத் தலைகீழா போட்டிருக்கியே."