சேகோ ஆலை முதலாளியாகச் சாட்ஜிபிடி

இன்று சேலத்தில் எங்கள் எம்பிஏ வகுப்பில் சாட்ஜிபிடியைச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை முதலாளியாகப் பேசச் சொன்னேன், மேலாளர் வேடம் ஒரு மாணவிக்கு. "மாவு வெள்ளையா இருந்தாத்தான் விலை போகும், கெமிக்கல் கலந்துடும்மா, எல்லாரும் பண்றதுதானே" என்று அது விடாமல் நெருக்கியது. மரவள்ளி போடும் வீட்டுப் பெண் அவள். கீபோர்டில் விரல் வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள், அப்புறம் "அந்த ஜவ்வரிசிப் பாயசத்தை எங்க வீட்டுக் குழந்தையும் குடிக்கும் சார், முடியாது" என்று அடித்தாள்.

1986இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையம் தாங்காது என்று பொறியாளர்கள் எச்சரித்தும் நிர்வாகம் கேட்காமல் ஏழு பேர் இறந்த கதையை வருஷாவருஷம் சொல்கிறேன், குறிப்பெடுப்பார்கள், அவ்வளவுதான். இன்று தாங்களே மறுத்துப் பழகினார்கள்.

ஒன்றுதான் உறுத்துகிறது. அவள் அழுத்திச் சொன்னதும் "நீங்கள் சொல்வது சரிதான்" என்று அது இறங்கிவிட்டது, நிஜ முதலாளி இவ்வளவு சீக்கிரம் இறங்க மாட்டார். நாளை அந்த நாற்காலியில் நானே உட்காரப் போகிறேன்.