நெட் பொருளாதாரம்: நாடுகளின் வகைப்பாட்டை நாடு வாரியாகப் படியுங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வின் முடிவு வந்துவிட்டது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கவில்லை, உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. நுண்ணியல், பேரியல் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வளர்ச்சிப் பொருளாதாரத்தில் எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: உலக நாடுகளை யார், எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பது.

நோட்ஸ்களில் இது நிறுவன வாரியாகத்தான் இருக்கும். உலக வங்கி என்று ஒரு தலைப்பு, கீழே நாலு வகை. யு.என்.டி.பி. (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) என்று இன்னொரு தலைப்பு, அதற்குக் கீழேயும் நாலு வகை. இப்படிப் படித்தால் தேர்வு அறையில் இரண்டும் குழம்பிவிடும். அதற்குப் பதில், ஒரு நாட்டின் பெயரை மேலே எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதை எங்கே வைக்கிறது, ஏன் அங்கே வைக்கிறது என்று கீழே எழுதுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான்.

முதலில் இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக வங்கி அதை 2019 ஜூலையில் மேல் நடுத்தர வருமான நாடாக உயர்த்தியது; அடுத்த ஆண்டே கீழ் நடுத்தர வகைக்கு இறக்கிவிட்டது. ஆனால் யு.என்.டி.பி. பட்டியலில் அது 'உயர் மனித மேம்பாடு' உள்ள நாடு. உலக வங்கி பார்ப்பது தலா மொத்த தேசிய வருமானத்தை மட்டும்தான். அதையும் மூன்றாண்டு மாற்று விகிதத்தைச் சராசரியாக்கும் அட்லஸ் முறையில் டாலராக்கிப் பார்க்கிறது. யு.என்.டி.பி.யோ ஆயுட்காலத்தையும் பள்ளி ஆண்டுகளையும் சேர்க்கிறது. வருமானத்தை, நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாட்டைச் சரிக்கட்டும் வாங்கும் திறன் சமநிலையில் கணக்கிடுகிறது. பல பத்தாண்டுகளாக இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் கொடுத்த நாடு அங்கே மேலே நிற்பதில் வியப்பில்லை. இந்தக் காரணம் புரிந்துவிட்டால் கூற்று-காரணம் வகைக் கேள்வி எப்படி வந்தாலும் சமாளிக்கலாம்.

அடுத்து வங்கதேசம். உலக வங்கிக்கு அது 2015-லிருந்து கீழ் நடுத்தர வருமான நாடு. ஐ.நா.வுக்கோ 1975-லிருந்தே எல்.டி.சி., அதாவது மிகவும் பின்தங்கிய நாடு. எல்.டி.சி.க்கு வருமானத்தோடு மனிதவளக் குறியீடு, பொருளாதார-சுற்றுச்சூழல் நலிவுக் குறியீடு என்று மூன்று அளவுகோல்கள் உண்டு. அந்தப் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற 2021-ல் பொதுச்சபை குறித்த தேதி 2026 நவம்பர் 24.

பிராந்தியப் பிரிவிலும் இதே கதைதான். தெற்காசியாவில் எத்தனை நாடுகள்? சார்க் என்றால் 8. ஐ.நா. புள்ளியியல் பிரிவின் எம்49 தரத்தில் 9, ஏனென்றால் ஈரானும் அங்கே தெற்காசியா. உலக வங்கியிலோ 2025 ஜூலையிலிருந்து 6. ஆப்கானிஸ்தானையும் பாகிஸ்தானையும் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் 'தெற்காசியாவின் சராசரி' என்று ஒரு எண்ணைப் பார்த்தால், யாருடைய தெற்காசியா என்று கேட்காமல் நகராதீர்கள். எம்49-ல் சைப்ரஸ் மேற்கு ஆசியா, ரஷ்யா முழுக்கக் கிழக்கு ஐரோப்பா. இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 'வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள்' என்ற பிரிவை எம்49-லிருந்து 2021 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். உலக வங்கியும் தன் வளர்ச்சிக் குறியீடுகள் வெளியீட்டில் 2016-லிருந்து அந்தப் பிரிவைப் பயன்படுத்துவதில்லை. நான் போன கோச்சிங் வகுப்பில் அதை இன்னமும் எம்49 பிரிவு என்றே அச்சடித்துக் கொடுத்தார்கள். கடன் வாங்கிப் பணம் கட்டுகிற பிள்ளைகள் படிக்கும் நோட்ஸ் அது. தயவுசெய்து நிறுவனங்களின் சொந்த இணையதளத்தில் ஒரு தடவை சரிபாருங்கள்.

கடைசி நேரத்தில் புரட்டிப் பார்க்க:

- உலக வங்கி (2024 வருமானப்படி): 1,135 டாலர் வரை குறைந்த வருமானம், 4,495 வரை கீழ் நடுத்தரம், 13,935 வரை மேல் நடுத்தரம், அதற்கு மேல் உயர் வருமானம்.
- யு.என்.டி.பி.: மனித மேம்பாட்டுக் குறியீட்டில் நாலு வகையைப் பிரிக்கும் எல்லைகள் 0.550, 0.700, 0.800. இந்த எல்லைகள் ஆண்டுதோறும் மாறாது. 2025 அறிக்கையில் இந்தியா 0.685, 130-வது இடம், நடுத்தர வகை.
- ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நிதியம்): இரண்டே பிரிவு. தென் கொரியா 1997-லேயே முன்னேறிய பொருளாதாரம்; ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் அதை வளர்ந்த நாடுகள் குழுவுக்கு மாற்றியது 2021-ல்தான்.
- உலக வர்த்தக அமைப்பு: வளரும் நாடு என்று நாடே தன்னை அறிவித்துக்கொள்ளும். எல்.டி.சி.க்கு மட்டும் ஐ.நா. பட்டியல்.
- எல்.டி.சி.: 1971-ல் 25 நாடுகளோடு தொடக்கம், இப்போது 44. மூன்றாண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு.
- எல்.டி.சி. பட்டியலிலிருந்து வெளியேறிய வரிசை: போட்ஸ்வானா 1994, கேப் வெர்டி 2007, மாலத்தீவு 2011, சமோவா 2014, ஈக்வடோரியல் கினி 2017, வனுவாட்டு 2020, பூடான் 2023, சாவோ டோமே 2024.

கால வரிசைக் கேள்விக்கு ஏற்றது அந்தக் கடைசி வரி. அதில் ஈக்வடோரியல் கினியைத் தனியாகப் பாருங்கள்: எண்ணெய்ப் பணத்தால் வருமானம் எல்லையைத் தாண்டி எங்கோ போனதால், மற்ற இரண்டு அளவுகோல்களில் தேறாமலே வெளியேறிய நாடு அது.

காரணம் தெரியாத எதுவும் என் மனதில் நிற்காது, அதனால்தான் இந்த வழி எனக்குப் பொருந்தியது. பட்டியலைப் பார்த்ததும் மனப்பாடம் ஆகிறவர்கள்கூட ஏழெட்டு நாடுகளுக்காவது இப்படி எழுதிப் பாருங்கள். இந்தியா, சீனா, ரஷ்யா, பூடான் கட்டாயம்.

அப்புறம், உலக வங்கிப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று மாறும். ஜூன் தேர்வுக்குப் போகிறவர்கள் முந்தைய ஜூலையின் எல்லைகளோடு போகலாம். டிசம்பர் தேர்வு என்றால் ஜூலையில் வந்த புதிய எண்களைப் போட்டு மேலே இருக்கும் முதல் வரியைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.