விசேஷம் ஏதுமில்லை

தம்பி மகன் லண்டனில் படிக்கிறான். போன வருஷம் ஒரு ராத்திரி ரயில் நிலைய வாசலில் போலீஸ் அவனை நிறுத்திப் பையைச் சோதித்தது. ஒன்றும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் வந்தது. சோதனை நடந்ததற்கான பதிவின் நகல். தேதி, நேரம், இடம், எதைத் தேடினார்கள், எதனால் சந்தேகம், சோதித்தவர் யார், எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஒரு கட்டத்தில் 'ஏ1' என்று போட்டிருந்தது.

"அது என்னடா?" என்று கேட்டேன்.

"இந்தியன்னு அர்த்தம் பெரியப்பா. அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். நம்ம ஊர்ல நிறுத்தினா இந்த மாதிரி சீட்டு குடுப்பீங்களா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பத்தாறு வருஷம் காக்கி போட்டவன் நான். 1988-ல் சேர்ந்தபோது தென் ஆற்காடு ஒரே மாவட்டம். 1993-ல் விழுப்புரம் தனியாகப் போனது, நான் கடலூர்ப் பக்கம் நின்றுவிட்டேன். ஏட்டான பிறகு பெரும்பாலும் ரைட்டர் வேலைதான், அதாவது ஸ்டேஷன் எழுத்தர். வெளியில் இருப்பவர்களுக்கு இன்ஸ்பெக்டரைத் தெரியும். ஸ்டேஷனுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும், ரைட்டர் எழுதினால்தான் ஒன்று நடந்ததாகக் கணக்கு.

எழுதுவதற்கும் குறைச்சல் இல்லை. ஜி.டி. என்கிற ஸ்டேஷன் தினசரிக் குறிப்பு, சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது, எஃப்.ஐ.ஆர்., பழைய குற்றவாளிகளைக் கண்காணிக்கும் ஹிஸ்டரி ஷீட். கைதுப் படிவம் ஒன்று போதும், ஒரு மனிதனை உரித்து வைத்துவிடும். மதம், பட்டியல் சாதியா பழங்குடியா, உயரம், உடல்வாகு, நிறம், முடி, பல், மச்சம், தழும்பு, பச்சை குத்தியிருக்கிறதா, என்ன உடை உடுத்துவான், எந்த வழக்கில் பேசுவான், எல்லாவற்றுக்கும் அதில் கலம் உண்டு. ஆனால் வழியில் நிறுத்தி, பேர் கேட்டு, பையைக் கவிழ்த்துப் பார்த்து, "சரி, போ" என்று அனுப்பிய ஆளுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. மாட்டியவன் மட்டும்தான் தாளில் ஏறுவான். மாட்டாதவர்கள் எத்தனை பேர், யார் யார் என்று கேட்டால் எந்த எஸ்.பி.க்கும் பதில் தெரியாது, டி.ஜி.பி.க்கும் தெரியாது.

எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு வருஷம் இருந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு. சாலையில் ஒரு கோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. கோட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி போட்ட புதுச்சேரி போலீஸ், இந்தப் பக்கம் நாங்கள். பஸ், கார், டி.வி.எஸ். எக்ஸெல் என்று ராத்திரி பகலாக ஓடும் ரோட்டில் எல்லாரையும் நிறுத்த முடியாது. அதனால் பார்த்துத்தான் நிறுத்துவோம். அந்தப் பார்வையை யாரும் எங்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. ஆனால் சாவடியில் இருந்த ஆறு பேருக்கும் ஒரே பார்வை இருந்தது. கைலி, சாக்குப்பை, அழுக்குத் துண்டு. கடைசி பஸ்ஸில் கடைசி சீட்டு. மாதக் கடைசியில் கேஸ் கணக்கு குறைந்தால் அந்தப் பார்வை இன்னும் கூர்மையாகும்.

ஒரு தை மாதம், அறுவடை முடிந்திருந்த நேரம். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இருளர் தம்பதி நடந்து வந்தார்கள். அவர் தோளில் சாக்கு மூட்டை, அந்த அம்மா கையில் ஒரு கடப்பாரை. பாராவில் இருந்த போலீஸ்காரத் தம்பி மூட்டையை இறக்கச் சொன்னான். அவிழ்க்கிறதுக்குள் பொறுமையில்லை, கம்பியால் குத்திவிட்டான். நெல் கொட்டியது. எலி வளை தோண்டி எடுத்த நெல். அறுத்த வயலில் எலி சேர்த்து வைத்ததைத் தோண்டி எடுப்பது அவர்களுக்குப் பரம்பரை வேலை. அந்த நெல்லில் மண் கலந்திருக்கும், கதிர்த் துணுக்கு கிடக்கும், பார்த்ததுமே தெரியும்.

"நெல்லு சாமி. வேற ஒண்ணும் இல்ல சாமி" என்றார் அந்த அம்மா. அப்புறம் உட்கார்ந்து தார் ரோட்டில் சிந்தியதை உள்ளங்கையால் கூட்ட ஆரம்பித்தார். ரோட்டில் பகல் சூடு அடங்கியிருக்காது. ஜல்லி இடுக்கில் போன நெல்லைக்கூட நகத்தால் கெல்லி எடுத்தார். நான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நான் செய்த உதவி. அவர்கள் கூட்டி முடிக்கிற நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வேகம் குறைத்து வந்தது. முன்சீட்டில் விபூதி வைத்த பெரியவர், பின்னால் தூங்குகிற குழந்தை. தம்பி பேரிகாடை நகர்த்தி, ஒரு சல்யூட்டும் வைத்தான். கார் போய்விட்டது.

விடியற்காலை ஜி.டி.யில் நான் எழுதியது இதுதான்: 'வாகனத் தணிக்கை செய்யப்பட்டது. விசேஷம் ஏதுமில்லை.'

பொய் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு சில வாரம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். யாரை இறக்குகிறோம், என்ன உடுத்தியிருந்தார், என்ன கிடைத்தது என்று குறித்துக்கொள்ள. அதில் வந்த எண்ணிக்கையை இங்கே தரமாட்டேன். அது ஆய்வும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு ஏட்டின் மனசாட்சிக் குடைச்சல். ஆனால் எழுத உட்கார்ந்த முதல் நாளே ஒரு சிக்கல். 'என்ன ஆள்' என்ற கலத்தில் என்ன போடுவது? சாதி கேட்டால் அதுவே இன்னொரு அவமானம். கேட்காமல் எழுதினால் என் ஊகம். ஊகத்தை எழுத எனக்குக் கூச்சம், விட்டுவிட்டேன்.

இந்தச் சிக்கலை கலிஃபோர்னியாக்காரர்கள் வேறு மாதிரி அவிழ்த்திருக்கிறார்கள் என்று தம்பி மகன் சொல்லித்தான் தெரியும். அங்கே 2015-ல் ஒரு சட்டம். நிறுத்தும் ஒவ்வொருவரைப் பற்றியும் போலீஸ்காரர் தன் கண்ணுக்கு எந்த இனமாகப் பட்டது என்றுதான் எழுத வேண்டும், அந்த ஆளிடம் கேட்கவே கூடாது. முதலில் கேட்டபோது கிறுக்குத்தனமாக இருந்தது. யோசித்தால் அதுதான் சரி. ஓரவஞ்சனை நடப்பது அந்த ஆளின் சாதிச் சான்றிதழைப் பார்த்தா? நம் ஊகத்தால்தானே? நான் கூச்சப்பட்டு விட்ட கலத்தில்தான் விஷயமே இருந்திருக்கிறது.

லண்டன் சீட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1993-ல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரை வெள்ளையர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. அந்த வழக்கைப் போலீஸ் கையாண்ட லட்சணத்தை விசாரித்த முன்னாள் நீதிபதி மக்பெர்சன் 1999-ல் அறிக்கை கொடுத்தார். நிறுத்துவதையெல்லாம் காரணத்தோடும் இனத்தோடும் எழுது, ஒரு நகலை அந்த ஆள் கையில் கொடு என்பதும் அவருடைய பரிந்துரைகளில் உண்டு. அதே 1993-ல்தான் நம் மாவட்டத்தில் கம்மாபுரம் காவல் நிலைய வழக்கு. திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துவந்த குறவர் சமூகத்து ஆள் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ரோல்காலில், அதாவது வருகை எடுக்கும் கூட்டத்தில், "ஜாக்கிரதையா இருங்கப்பா" என்று சொன்னார்கள். பதிவேட்டில் புதிதாக ஒரு கலமும் வரவில்லை.

என் நோட்டைப் பற்றி சாவடியில் சீக்கிரமே தெரிந்துவிட்டது. "ஏட்டையா எழுதுறாரு, ரெண்டு காரையும் நிறுத்துப்பா" என்று சிரிப்பார்கள். நிறுத்துவார்கள், டிக்கியைக்கூடத் திறக்காமல் அனுப்புவார்கள். "எழுதிக்கிட்டீங்களா ஏட்டையா?" என்று ஒரு கேள்வி வேறு. கணக்கு சமமாகிவிடும். இது நம் ஊர் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். நியூஜெர்சியில் 1999-ல் இரண்டு நெடுஞ்சாலைக் காவலர்கள் மேல் வழக்கே போட்டிருக்கிறார்கள், நிறுத்திய ஓட்டுநர்களின் இனத்தை மாற்றி எழுதியதற்காக. காக்கிக்கு ஊர் பேதம் இல்லை போலிருக்கிறது.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்கலாம், அதுவும் நியாயமான கேள்விதான். சாதியைப் போலீஸ் எழுதியதால் வந்த வினை போதாதா? குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகை எடுத்து, பேர் எழுதி, ஒரு சமூகத்தையே பதிவேட்டுக்குள் அடைத்த சட்டம். எங்கள் தென் ஆற்காட்டிலேயே அசீஸ் நகரில் அதற்காக ஒரு குடியிருப்பு இருந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் போனது, நாடு முழுக்க 1952-ல். 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது தெரிந்த கொள்ளைக்காரன், என்பதைச் சுருக்கிப் பதிவேட்டில் நாங்கள் எழுதிய 'கே.டி.' என்ற இரண்டு எழுத்து மட்டும் போகவில்லை, 'கேடி' என்று வீட்டுக்கு வீடு வசவாகப் புழங்குகிறது.

நான் ஓய்வு பெற்ற 2024-ல் மே மாதம் உச்ச நீதிமன்றம் ஹிஸ்டரி ஷீட்டைப் பற்றிப் பேசியது. பின்தங்கிய பின்னணியில் வந்தவர் என்பதற்காகவே அப்பாவிகள் பேரை இயந்திரம் மாதிரி ஏற்றாதீர்கள் என்றது. அக்டோபரில் சிறைப் பதிவேடுகளில் சாதிக் கலத்தையே நீக்கச் சொன்னது. 2025 செப்டம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் போலீஸ் ஆவணங்களிலும் சாதி வேண்டாம் என்றது. படித்தபோது நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் உறுத்தலும் இருந்தது. எத்தனை பேர் பெயருக்கு எதிரே அந்தக் கலத்தை நிரப்பியிருப்பேன்! போகட்டும். ஆனால் கம்பியால் மூட்டையைக் குத்திய கணக்கு எங்கே வரும்? ஆள் பேர் வேண்டாம், அவர் முகவரி வேண்டாம். நிறுத்திய காவலரின் நம்பர், அவர் கண்ணுக்குத் தெரிந்தது, காரணம், கிடைத்தது, இவ்வளவு போதும். அந்தத் தாள் எங்களைப் பற்றியது. எங்கள் ஆட்கள் அதைத்தான் எழுதமாட்டார்கள்.

இப்போது தம்பிகள் கையில் முகம் அடையாளம் காணும் செயலி இருக்கிறது. ராத்திரி ரவுண்ட்ஸில் சந்தேகம் என்று பட்டால் படம் எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம். யார் மேல் சந்தேகம் பட்டது என்பதற்கு அதிலும் அதே பழைய பார்வைதான்.

தம்பி மகன் சொன்ன இன்னொன்று என்னைக் கவர்ந்தது. அமெரிக்காவில் ஓக்லாந்து நகரப் போலீஸ் வண்டிகளை நிறுத்திய கணக்கை வைத்து 2006-ல் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். மணி ஒன்றுதான், ஆனால் சில மாதம் அந்த நேரத்தில் வெளிச்சம், சில மாதம் இருட்டு. முகம் தெரிகிற வெளிச்சத்தில் ஒரு இனத்தாரை அதிகம் நிறுத்தி, இருட்டில் அது குறைந்தால், முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள் என்று அர்த்தம். நம் சாலையில்கூடச் செய்யலாம். ஆறேகால் மணிக்குக் கார்த்திகையில் இருட்டிவிடும், ஆனியில் வெயில் அடிக்கும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு முகமே வேண்டாம், எக்ஸெல் வண்டியின் சத்தம் போதும் என்றேன். அவன் சிரிக்கவில்லை.

கனடாவில் கிங்ஸ்டன் என்று ஒரு ஊர். 2003-ல் அந்த ஊர் போலீஸ் தானாகவே ஒரு வருஷம் எழுதிப் பார்த்தது. கறுப்பினத்தவரைத்தான் விகிதத்துக்கு மீறி நிறுத்துகிறோம் என்று தெரிந்தது. 2005-ல் தலைமை அதிகாரி ஊரறிய மன்னிப்புக் கேட்டார், கண் கலங்கினார் என்கிறார்கள். எங்கள் ஐயாக்களில் ஒருவர் ரோல்காலில் அப்படி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். தொப்பி வரைக்கும் வருகிறது, கண்ணீர் வரமாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் தாளின் பின்புறம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ரைட்டர் கை, கோடு கோணவில்லை. காவலர் எண். நேரம். கண்ணுக்குத் தெரிந்தது. நிறுத்தக் காரணம். கிடைத்த பொருள். தம்பி மகனுக்கு அனுப்ப ஒரு மாதிரிச் சீட்டு. சும்மா கோடாக அனுப்பாமல் அந்தத் தை மாத ராத்திரியை நிரப்பலாம் என்று தோன்றியது. கிடைத்த பொருள்: நெல், ஒரு சாக்கு. அது சுலபமாக வந்தது. காரணம் என்ற இடத்தில் 'சாக்கு மூட்டை' என்று எழுதி அடித்தேன். 'நடத்தையில் சந்தேகம்' என்று எழுதி, அதையும் அடித்தேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்தேன்.

சரி, காருக்கும் ஒரு சீட்டு எழுதிப் பார்ப்போம் என்று இன்னொரு தாளை எடுத்தேன். நேரம் மட்டும் போட முடிந்தது. அதை நாங்கள் நிறுத்தவே இல்லையே.