ஷெனாம் மலைக்கு மட்டை அடுக்கினேன்: 20வது இந்திய டிவிஷன் நின்ற வீதி

மட்டை அடுக்குகள் எல்லாம் ஒட்டியாயிற்று. இனி வோல் பட்டி பூசிப் பெயின்ற் அடிக்க வேண்டும். பட்டி ஏறிவிட்டால் உள்ளே இருக்கும் படிகள் மறைந்துவிடும் என்பதால், இதுவரை செய்ததை இப்போதே எழுதி வைக்கிறேன்.

நான் செய்வது மணிப்பூரின் பலேலில் இருந்து ஷெனாம் கணவாய் வழியாகப் பர்மாவின் தமு வரைக்குமான மலைநிலத்தின் மாதிரி. 1944இல் யப்பானியர் பர்மாவில் இருந்து மணிப்பூரைத் தாக்கிய இம்பால் சண்டையின்போது, பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 20வது இந்தியக் காலாட்படை டிவிஷன் காத்து நின்ற நிலம் அது. ஏன் இந்த டிவிஷன் என்று கேட்டால், அது எங்கள் தீவில் இருந்துவிட்டுப் போன படை. 1942 ஏப்ரல் 1ஆம் திகதி பெங்களூரில் மேஜர் ஜெனரல் டக்ளஸ் கிரேசியின் கீழ் அதைத் தொடங்கினார்கள். நாலு நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அந்த வருடமே டிவிஷன் இலங்கைக்கு வந்து காவலில் நின்றது. காட்டுச் சண்டைப் பயிற்சியையும் இங்கேதான் எடுத்தது. 1943இல் ராஞ்சிக்குப் போய், அங்கிருந்து மணிப்பூர். கொழும்பில் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைப்பவர்கள் குதிரைப்பந்தயத் திடலில் விமான ஓடுபாதை போட்டதைச் சொல்வார்கள், காலிமுகத்திடலில் நின்ற போர் நினைவுத் தூணை விக்டோரியா பூங்காவுக்கு மாற்றியதைச் சொல்வார்கள். இந்தச் சிப்பாய்களைப் பற்றி ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அது எனக்கு மனவருத்தம்.

அளவு 1:50,000. ஒரு கிலோமீற்றருக்கு 2 சென்ரிமீற்றர். பலகை 60க்கு 60 சென்ரிமீற்றர் என்பதால் 30 கிலோமீற்றர் சதுரம் அடங்கும். உயரக் கோடுகளுக்குப் பழைய இராணுவ வரைபடம் தேடி அலையத் தேவையில்லை. 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் போட்டு 100 மீற்றருக்கு ஒரு கோடாக எடுத்து, ஏ3 தாள்களாகப் பிரித்து, வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பக்கத்துக் கொமினிகேஷனில் அச்சடித்தேன்.

மட்டைக்குப் புறக்கோட்டை மலிபன் வீதி. “எத்தனை மில்லி வேணும் தம்பி, அல்பம் கட்டவா?” என்று கடைக்கார நானா கேட்டார். மலை கட்ட என்றதும் பைண்டிங் மட்டையில் நல்ல கெட்டியான கட்டொன்றை உள்ளிருந்து எடுத்துத் தந்தார். 3 மில்லிமீற்றர் மட்டை. 100 மீற்றருக்கு 3 மில்லி என்றால் உயரம் உண்மையைவிட ஒன்றரை மடங்கு கூடித் தெரியும். இந்த அளவில் அது வேண்டும், இல்லாவிட்டால் மலை தட்டையாகப் படுத்துவிடும். ரெஜிபோம் மலிவுதான், வெட்டவும் சுகம். ஆனால் ஓரம் உதிரும், ஒடுங்கிய மலைமுதுகை அதில் வெட்டவே ஏலாது. இந்த இடத்தில் மலைமுதுகுதான் முழுக் கதையும்.

கொழும்புக் காற்றின் ஈரம் மட்டைக்குப் பெரிய எதிரி. வெட்டிய ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் மரப்பசை வைத்தேன். பசையை முழுக்கத் தடவாமல் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடாக வைத்து, மேலே புத்தகக் கட்டு ஏற்றி ஒரு இரவு விட்டால் அடுக்கு நெளியாது. மழைக்காலத்தில் வேலை தொடங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இனி, அடுக்கியபோது கண்ணுக்குத் தெரிந்தது. தமு ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில், கபாவ் பள்ளத்தாக்கில் கிடக்கிறது. ஷெனாம் கணவாய் 1,500 மீற்றர் அளவில். பலேல் 800க்குக் கிட்ட. தமு பக்கமிருந்து ஏறினால் 13 அடுக்கு, பலேல் பக்கம் இறங்கினால் 7 அடுக்குத்தான். மாதிரியில் ஷெனாமுக்கும் பலேலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் தூரம். பலேலில் விமானத்தளம் இருந்தது, அதைத் தாண்டினால் இம்பால் சமவெளி. ஷெனாம் ஒருமுறை கைவிட்டுப் போனால் பிறகு மறித்து நிற்க மலை இல்லை.

சண்டைக் கதையை வாசிக்கும்போது ஜிப்ரால்ட்டர், மால்ட்டா, ஸ்க்ராகி, கிரீட், சைப்பிரஸ் என்று சிப்பாய்கள் குன்றுகளுக்கு வைத்த பெயர்கள் தலையைச் சுற்றவைக்கும். மாதிரியில் அவை எல்லாம் என் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டன. நிப்பொன் ஹில் என்ற குன்றை 1944 ஏப்ரலில் டிவிஷனின் பிரிட்டிஷ் டெவன்ஷயர் பட்டாலியன் பிடித்ததும், சில நாளில் யப்பானியர் திரும்பப் பிடித்ததும் இந்த உள்ளங்கைக்குள் நடந்த காரியம். ஊசி குத்த இடம் போதாத நிலத்துக்காக இரண்டு பக்கமும் அத்தனை பேர் செத்திருக்கிறார்கள்.

வீதியைப் பசை தோய்த்த நூலால் ஒட்டினேன். கோடு வெட்ட உதவிக்கு வந்த மச்சான் அந்த வளைவுகளைப் பார்த்துவிட்டு, “உதில லொறி எப்பிடியடா ஏறினது?” என்று கேட்டான். 1942இல் அது பெரும்பாலும் வெறும் தடம். யப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது நடந்தே தப்பிய இந்தியர்கள் அந்தத் தடத்தால் வந்தார்கள், தமிழர்களும் அவர்களுக்குள். வழியில் பசியாலும் நோயாலும் விழுந்தவர்கள் கணக்கில்லை. பிறகுதான் பிரிட்டிஷ் இந்திய இராணுவம் அதை லொறி போகும் வீதியாக்கி, பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து முன்னேறும் எண்ணத்தில், தமுவுக்குப் பக்கத்து எல்லை ஊரான மோரேயில் பெரிய களஞ்சியம் வைத்தது. 1944 மார்ச்சில் யப்பானியர் முந்திக்கொண்டு தாக்கவே, டிவிஷன் ஏப்ரல் தொடக்கத்தில் மோரேயை விட்டு ஷெனாமுக்கு ஏறியது. இந்த வீதியால் வந்த யப்பானியத் தளபதி யமமோட்டோவின் படை தாங்கிகளையும் கனரக பீரங்கிகளையும் வைத்திருந்தது. சில்லுகள் போகக்கூடிய பாதை அந்தப் பக்கத்தில் இது என்பதால் அவர்களும் இதையே பிடித்துத் தொங்கினார்கள். மச்சானின் கேள்விக்கு இரண்டு படைகளும் சொன்ன பதில் அதுதான்.

படைகள் நின்ற இடங்களைக் காட்டும் ஊசிகளில் நிறம் பிரித்திருக்கிறேன். டிவிஷனின் 32, 80, 100 ஆகிய மூன்று பிரிகேட்டுகளுக்கும் மூன்று நிறம். மதராஸ் ரெஜிமென்ற்றின் 4வது பட்டாலியனும் இந்த டிவிஷனோடு இருந்தது, அதற்குத் தனி நிறம் கொடுத்தேன். எதிர்ப்பக்கத்தில் இந்திய தேசிய இராணுவத்தின் காந்தி படையணிக்கும் ஒரு நிறம். பலேல் விமானத்தளத்தைத் தாக்க வந்தவர்கள் அவர்கள். நேதாஜியின் அந்த இராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கதை. ஒரே வீதியின் இரண்டு நுனியிலும் இந்தியர்கள் துவக்கோடு நின்றார்கள். ஒரு பக்கத்து ஊசியை மட்டும் குத்திவிட்டு வரலாறு என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை.

மே நடுப்பகுதியில் 23வது டிவிஷன் ஷெனாமைப் பொறுப்பெடுக்க, 20வது உக்ருல் பக்கம் போனது. அது என் பலகைக்கு வெளியே. ஜூன் 22இல் கோஹிமா வீதி திறந்து இம்பாலின் முற்றுகை நீங்கியது. 20வது டிவிஷன்காரர் 1945 பெப்ரவரியில் பர்மாவின் மியின்முவில் ஐராவதியைக் கடந்து, செப்டெம்பரில் வியட்நாமின் சைகோன் வரை போனார்கள். இவர்கள் ஷெனாமில் நின்ற அதே 1944 ஏப்ரலில்தான் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார்.

மோரேக்கு ஊசியோடு ஒரு சிறு கோபுரமும் வைக்கப் போகிறேன். போருக்குச் சம்பந்தமில்லைத்தான். 1962க்குப் பிறகு பர்மாவில் இருக்க வழியில்லாமல் வந்த தமிழர்கள் அங்கே குடியேறி, அங்காளபரமேஸ்வரி கோயிலும் கட்டியிருக்கிறார்கள். இந்த நூல் வீதியின் கதையில் அவர்களும் உண்டு.

அடுத்து ஷெனாம் முகட்டை மட்டும் 1:10,000 அளவில் தனியாகச் செய்வதாக எண்ணம். 20 மீற்றருக்கு ஒரு அடுக்கு என்றால் 2 மில்லி மட்டையில் உயரம் கூட்டாமலே சரியாக வரும். எஸ்ஆர்டிஎம் தரவின் 30 மீற்றர் புள்ளி இடைவெளி அந்த ஒடுங்கிய முகட்டுக்குக் கொஞ்சம் பருமன். படங்களைப் பார்த்துக் கையால் திருத்தி வெட்ட வேண்டியிருக்கும்.