தொண்டை கட்டிய நாட்கள்

ஜூலை 4

சளி விட்டு ஐந்து வாரம் ஆகிறது, கரகரப்பு மட்டும் போகவில்லை. காலையில் ஓரளவு பேச வருகிறது. மூன்றாவது பீரியட் வந்தால் வெறும் காற்றுதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் "கேட்கல டீச்சர்" என்றான். இன்னும் சத்தமாகச் சொல்லப் போய், வார்த்தையின் பாதியில் குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

ஜூலை 6

ஈ.என்.டி. டாக்டர் மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, மெல்லிய கேமரா குழாயை உள்ளே விட்டார். "ஈ... என்று இழுங்கம்மா." திரையில் என் குரல் நாண்களை முதல்முறையாகப் பார்த்தேன். வெள்ளையாக இரண்டு பட்டைகள். மூச்சு விடும்போது விரிகின்றன, பேசும்போது சேர்கின்றன. இரண்டிலும் நேருக்கு நேர், முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், மணல் பருக்கை மாதிரி புடைப்பு. அவை முதலில் முட்டிக்கொள்வதால் நாண்கள் முழுசாக மூடுவதில்லை. மீதமுள்ள சந்தில்தான் காற்று ஒழுகுகிறது.

பெண்கள் பேசும்போது நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 முறை மோதுமாம். நான் இருபது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். புடைப்பு வராமல் என்ன செய்யும்?

இது புற்றுநோய் இல்லை, முடிச்சு. எடுத்தவுடன் ஆபரேஷன் வேண்டாம், முதலில் பேச்சுப் பயிற்சி என்றார். கரகரப்பு நாலு வாரத்தைத் தாண்டினால் எல்லோருமே தொண்டையைக் காட்டிவிட வேண்டுமாம். புகைபிடிப்பவர்கள், கழுத்தில் கட்டி உள்ளவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள் அந்த நாலு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஜூலை 7

நேற்று பார்த்த படம் கண்ணிலேயே நிற்கிறது. 1854-ல் மானுவேல் கார்சியா என்கிற பாட்டு வாத்தியார், சின்னக் கண்ணாடியும் சூரிய வெளிச்சமும் வைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்திருக்கிறார். குரலை வைத்துப் பிழைத்த ஒருவருக்கு அது தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

ஜூலை 10

ஸ்பீச் தெரபிஸ்ட் என்னைவிடச் சின்னப் பெண். பத்து நிமிடம் பேசவிட்டு, நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஏழு கோடு. "அத்தனை தடவை தொண்டையைச் செருமினீங்கக்கா." எனக்குத் தெரியவே இல்லை! ஒவ்வொரு செருமலும் நாண்களை ஓங்கி அறைகிற மாதிரியாம். செருமத் தோன்றினால் எச்சிலை விழுங்க வேண்டும், அல்லது ஒரு வாய் தண்ணீர். வீட்டில் ஓய்வு என்று நினைத்துக் கிசுகிசுத்தேனே, அழுத்திக் கிசுகிசுத்தால் அதுவும் சிரமம்தானாம்.

தண்ணீர் நாண்களை நனைக்குமா என்று கேட்டேன். "அங்க போனா புரை ஏறிடும்க்கா. விழுங்கும்போது அது இறுக மூடிக்கும். அதோட முதல் வேலையே மூச்சுக்குழாய்க்குக் காவல்தான்." குடிக்கிற தண்ணீர் உடம்பில் சேர்ந்து, மெதுவாகத்தான் அங்கே ஈரம் தருகிறது.

எனக்கு அடுத்து ஒரு பெரியவர், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர். புரை ஏறாமலிருக்கக் கெட்டியாக்கிய தண்ணீரை மகள் ஒரு ஸ்பூன் கொடுத்தார். தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி, கண்ணை மூடி, விழுங்கினார். "ஆ சொல்லுங்க ஐயா." குரல் களகளவென்று வந்தால் நாண்களின் மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். தெளிவாக வந்தது. மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 19

டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி விட்டபடி 'ஊ' என்று முனக வேண்டும். வாயில் எதிர்த்து நிற்கிற காற்று, நாண்களை மெல்லச் சேர வைக்கிறது. செருமல் கணக்கு: முதல் நாள் 31, இன்று 12.

ஆகஸ்ட் 23

மறுபடி கேமரா. புடைப்பு பாதியாகியிருக்கிறது, இன்னும் போகவில்லை. வகுப்பை அமைதிப்படுத்த இப்போது கத்துவதில்லை, இரண்டு முறை கைதட்டுகிறேன். மைக் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாயிற்று, எனக்கு மட்டுமல்ல, எல்லா வகுப்புக்கும்.

பக்கத்து வகுப்பு டீச்சருக்கு ஜூனிலிருந்து தொண்டை கட்டு. "சளிதான், சரியாகிடும்" என்கிறார். அப்புறம் பார்க்கலாம் என்று விட மனசில்லை. திங்கள்கிழமை நானே அவரை அழைத்துப் போகிறேன்.